கண்மாய்ப் படகின் பின்பலகைக்காக ஒரு வேண்டுகோள்

ஊர்ப் பெரியோர்களுக்கும், மதுரையிலும் திருப்பூரிலும் கடல் கடந்தும் பிழைக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் கண்மாய்க் குழுவின் வணக்கம்.

நம் பதினான்கு அடி ஃபைபர் படகைக் கரையேற்றிவிட்டோம். இன்ஜின் மாட்டும் பின்பலகை உள்ளுக்குள் மக்கிப்போயிருக்கிறது. அதை மாற்ற 42,000 ரூபாய் ஆகும். மீன்பாசி ஏலத்தில், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விட்டதில், குழுவுக்கு வந்த 13,500 ரூபாய் கையில் இருக்கிறது. மீதி 28,500 ரூபாயை உங்களிடம் கேட்கிறோம்.

இந்தப் படகு இல்லாமல் மழைக்காலத்தை எப்படிக் கடப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வைகை வழியாகப் பேரணைக்கு வந்து, மேலூர்ப் பக்கம் பிரியும் பெரியாற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து கண்மாய் நிறைந்துவிட்டால், ஆகாயத்தாமரை திரண்டு வந்து மடையை அடைத்துக்கொள்ளும். நீர்பாய்ச்சிகள் படகில் போய்த்தான் அதை அறுத்து இழுக்கிறார்கள். போன ஐப்பசி அடைமழையில், உள்வாய்த் திட்டில் கிடை போட்டிருந்த கீதாரி குடும்பத்தையும் ஆடுகளையும் நான்கு நடையில் கரை சேர்த்ததும் இதே படகுதான். கடைசி நடையில்தான் இன்ஜின் பின்பக்கம் சாய்ந்து ஆடுவதைக் கவனித்தோம்.

அப்போது ஒரு பட்டறையில் காட்டினோம். வெளிவிரிசலின் மேல் ஒட்டுப் போட்டு, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். 9,000 ரூபாய் போனது, ஆட்டம் போகவில்லை. அந்த வேலையைச் சோதிக்காமல் வாங்கி வந்தது குழுவின் பிழை. அதனால் இந்த முறை முதலில் சோதனை, பிறகுதான் செலவு என்று முடிவு செய்தோம்.

பின்பலகை முழுவதும் ஃபைபர் அல்ல. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் இருக்கிறது. போல்ட் துளை வழியாகவும் அடியில் நீர் வடிக்கும் துளை வழியாகவும் நுழைந்த தண்ணீர் வெளியேற வழியின்றி அந்த மரத்தைத் தின்கிறது. சுத்தியலால் தட்டிப் பார்த்தோம்: மேல் விளிம்பில் கணீரென்ற ஓசை, போல்ட்டுகளுக்குக் கீழே அமுங்கிய ஓசை. இன்ஜினின் காலைப் பிடித்து ஒருவர் தூக்க, பலகையே அசைந்தது. உள்பக்கமிருந்து ஆறு இடங்களில் சிறு துளை போட்டோம். மேலே இரண்டில் வெளிறிய உலர்ந்த தூள் வந்தது. கீழே நான்கில் கறுத்து, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தது. சுமார் நாற்பது கிலோ எடையுள்ள இன்ஜின் அதில்தான் தொங்குகிறது. ஓடும்போது தள்ளுகிற விசையும் அதன் மேல்தான். நடுக்கண்மாயில் அது பிய்ந்தால் என்னவாகும் என்பதை நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

செய்யப்போகும் வேலை இதுதான். வெளித்தோலை அப்படியே விட்டு, உள்தோலை அறுத்து, மக்கிய மரம் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். நல்ல மரம் என்று எதையும் மிச்சம் வைப்பதில்லை. உள்ளே நன்றாக உலர்ந்த பிறகு, தண்ணீர் தாங்கும் பலகைக்கான ஐ.எஸ். 710 தர முத்திரையுள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை எபாக்ஸிப் பசையில் ஒட்டிப் பொருத்துவோம். விலை குறைந்த பாலியெஸ்டர் ரெசின் மரத்தைச் சரியாகப் பிடிக்காது; இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மூலைகளை மழுக்கி, கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காகப் படகின் பக்கச் சுவர் வரை ஏற்ற வேண்டும். போல்ட் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, அதன் நடுவே மறுபடி துளைத்தால் இனி தண்ணீர் மரத்தைத் தொடாது.

பிளைவுட்டுக்கு 4,500, எபாக்ஸிக்கு 8,000, இழைத் துணிக்கு 3,500, துருப்பிடிக்காத போல்ட்டுகளுக்கும் சில்லறைச் சாமான்களுக்கும் 3,000, எட்டு நாள் கூலிக்கு 17,000, படகை ஏற்றி இறக்கும் வண்டி வாடகைக்கு 6,000 ரூபாய். கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் இளைஞர்களை இழைக்கும் வேலையில் விடவில்லை. கூலி கூடியது அதனால்தான்.

புரட்டாசி பிறப்பதற்குள் படகு தண்ணீரில் இறங்க வேண்டும். நூறு ரூபாயானாலும் தாருங்கள். ஞாயிறுதோறும் காலையில் அய்யனார் கோயில் மண்டபத்தில் ரசீது தருகிறோம். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டார் வழியாகக் கொடுத்தனுப்பலாம். கணக்கு நோட்டு அங்கேயே இருக்கும். துளைத்தெடுத்த கறுத்த தூளையும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறோம். திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கண்மாய்க் குழுவினர்