வேர்ப் பங்கசும் எமது செம்பாட்டு மண்ணும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, கமக்காரப் பெருமக்களே,

கூட்டங்களும் விதை வெங்காயப் பகிர்வும் இவ்வாண்டும் தடையின்றி நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது நுவரெலியாப் பயணத்தையும் அதன்பின் சபை எடுத்த தீர்மானத்தையும் பற்றியே.

வேருக்குள் புகுந்து வாழும் ஒருவகைப் பங்கசு, மண்ணில் நூல்நூலாகப் பரவி, வேருக்கு எட்டாத பொசுபரசைப் பயிருக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. கைம்மாறாகப் பயிர் அதற்குச் சீனிச்சத்தைத் தருகிறது. வேர்மயிர் மிகக் குறைந்த வெங்காயம் இந்தத் துணையைப் பெரிதும் நம்பியிருக்கும் பயிர்.

நுவரெலியாவில் பங்கசுக் கலவைப் பொதிகளைக் கண்டதும் நம்மவர் பலர் வாங்க ஆசைப்பட்டார்கள். சபை இணங்கவில்லை. அது சரியான முடிவென்றே உறுதியாக நம்புகிறேன். உயரம் கூடும்போது வெப்பம் 1000 மீற்றருக்கு ஏறக்குறைய 6 பாகை செல்சியசு குறைகிறது. மண்ணில் வாழும் பங்கசுக் கூட்டமும் அதற்கேற்ப மாறுகிறது. பல மலைகளில் இந்தப் பங்கசின் இனவகைகள் மேலே போகப்போகக் குறைகின்றன. சில மலைகளில் நடு உயரத்தில் பெருகிப் பின் குறைகின்றன. ஹோட்டன் சமவெளியின் ரோடோடென்ட்ரோன் மரங்களின் வேரிலோ, குளிர்ந்த அமிலமண்ணின் மட்கலிலிருந்து நைதரசனை எடுக்கும் முற்றிலும் வேறொரு வகை குடியிருக்கிறது. நுவரெலியா ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள அமிலமண்ணில் பொசுபரசை இரும்பும் அலுமினியமும் பிடித்துவைக்கின்றன. கடல்மட்டத்தை ஒட்டிய நமது சுண்ணக்கல் நிலத்தில் அதைக் கல்சியம் பிடித்துவைக்கிறது. எங்கும் வாழும் இனங்களும் உண்டுதான். ஆனாலும் நம் வெயிலுக்கும் உவருக்கும் பழகியவை நம் பனங்கூடல்களிலும் கிளுவை வேலியோரங்களிலும் இருக்கும்போது, குளிர்மண்ணில் வளர்த்ததற்குக் காசு கொடுப்பானேன்?

ஆகவே நம் பனங்கூடல், வேலியோர மண்ணை எடுத்துச் சாடிகளில் இட்டு இறுங்கும் சோளமும் விதைத்திருக்கிறோம். உயிருள்ள வேரின்றி இந்தப் பங்கசு பெருகாது. பயிர் முற்றியதும் நீரை நிறுத்தி, வேரை நறுக்கி மண்ணோடு கலந்து, வெங்காயம் நடும் குழிகளில் இடுவோம்.

பரிசோதனைப் பாத்திக்காரர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். பொசுபரசு தரும் ரி.எஸ்.பி. பசளையை அள்ளிக் கொட்ட வேண்டாம். பொசுபரசு மிகுந்தால் வேர் பங்கசைச் சேர்ப்பதில்லை. கோவாவும் பீற்றூட்டும் இந்தப் பங்கசுக்கு இடம் கொடாத பயிர்கள் என்பதால், அவற்றை எடுத்த கையோடு அந்தப் பாத்தியில் வெங்காயம் நட வேண்டாம்.

அடுத்த ஆண்டு சாடிகளுக்கும் நிழற்பந்தலுக்கும் ஒதுக்கீடு கோரி, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்