புயலுக்கு முன் கொஞ்சம் கொறிக்க

அன்புள்ள தோழிக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதா! வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். உன் முட்டிவலியை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டாய், அதைப் பற்றி ஒழுங்காக எழுது. இங்கே அனைவரும் நலம்.

வார இறுதியில் பனிப்புயல் வருகிறது, தங்கையின் பிள்ளைகளும் உன்னோடு இருக்கிறார்கள், கொறிக்க என்ன செய்து வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். நான் ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பேன்: கரண்ட் போன பிறகும் அது டப்பாவில் அப்படியே கிடக்குமா? திறக்காமல் வைத்தாலும் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம்தான் குளிரைத் தாங்கும். அதனால் கிரீம், சீஸ், தயிரில் தொட்டுச் சாப்பிடுவது எல்லாம் இந்தத் தடவை வேண்டாம். ஈரம் இல்லாத பண்டம்தான் நம் ஆள்.

முதலில் கிரனோலா, அதாவது ஓவனில் மொறுமொறுவென்று வறுத்த ஓட்ஸ் கலவை. 3 கப் ஓட்ஸ், 1 கப் பாதாம் அல்லது வேறு பருப்பு, கால் கப் எண்ணெய், கால் கப் தேன், ஒரு சிட்டிகை உப்பு. கலந்து தட்டில் பரப்பி, 150 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம். நடுவில் ஒரு தடவை கிளறினால் போதும். வெளியே எடுக்கும்போது தொளதொளவென்றுதான் இருக்கும், பயந்துபோய் மறுபடி உள்ளே தள்ளிவிடாதே. ஆறினால்தான் மொறுமொறுக்கும். கட்டி கட்டியாக வேண்டுமென்றால் கரண்டியால் அழுத்திவிட்டு, ஆறும்வரை தொடாதே. உலர்திராட்சையைக் கடைசியில் சேர். ஓவனுக்குள் போனால் கல்லாகிவிடும்.

கொண்டைக்கடலைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வேகவைத்து வடித்ததைத் துணியில் பரப்பி, ஈரம் போக நன்றாகத் துடை. வேலையில் பாதி அதுதான். எண்ணெய் பிசறி 200 டிகிரியில் முப்பது நாற்பது நிமிடம், அவ்வப்போது தட்டைக் குலுக்கிவிடு. மிளகாய்த்தூளை வெளியே எடுத்த பிறகு தூவு, முன்பே போட்டால் கருகிக் கசக்கும். சூட்டோடு மூடினால் ஆவியே அதை நமுத்துப்போக வைத்துவிடும். நன்றாக ஆறவைத்தாலும் ஓரிரு நாளில் மொறுமொறுப்பு குறையும், ஆகவே புயலுக்கு முந்தின நாள் செய்தால் போதும்.

ஓட்ஸ் உருண்டைக்கு அடுப்பே வேண்டாம். 1 கப் ஓட்ஸ், அரை கப் வேர்க்கடலை வெண்ணெய், கால் கப்புக்குச் சற்று மேல் தேன். பிசைந்து உருட்ட வேண்டியதுதான், இந்த வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடு. கடைக்குட்டிக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லையே, தேன் கலந்த எதையும் அவன் வாயில் வைக்க விடாதே. தேனில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகளை அந்த வயதுக் குடல் தாங்காது. பாப்கார்னும் அப்படித்தான், நாலு வயதுக்குக் கீழே தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு.

பெரியவர்களுக்குப் பாப்கார்ன் சோளம் வாங்கி வை. கேஸ் அடுப்பு எரிகிறதென்றால் அன்றைக்கே பொரித்துக்கொள்ளலாம். சோளத்துக்குள் இருக்கும் சுமார் 14 சதவீத ஈரம் ஆவியாகி வெடிப்பதால்தான் அது பொரிகிறது, அதனால் பையைத் திறந்து போட்டு வைக்காதே. காய்ந்த சோளம் வாணலியில் சும்மா உருண்டுகொண்டிருக்கும்.

எல்லாவற்றிலும் உப்பைக் குறைத்துப் போடு. உப்பு தாகத்தைக் கூட்டும். உங்கள் வீட்டில் மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கில் பிடித்து வை. அப்புறம், கரண்ட் இல்லையென்று யாராவது கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சண்டை போட்டாவது தடுத்துவிடு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் நம்ப முடியாது.

ஒளித்து வைக்க மறக்காதே. வெளியே வைத்தால் புயல் வருவதற்குள் டப்பா காலியாகிவிடும், உன் வீட்டுக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன!

சரி, ஓவன் மணி அடிக்கிறது. போனை முழுதாகச் சார்ஜ் போட்டு வை, வெள்ளி இரவு கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி