பெரியவனின் கல்யாணப் பேச்சு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி அறுவைக்குப் பிறகு நீ மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வில்சன் நோய் உள்ளவன் திருமணம் செய்துகொள்ளலாமா என்று மிகவும் தயங்கிக் கேட்டிருக்கிறாய். தயக்கமே வேண்டாம், இங்கே இப்போது அதைத் தவிர வேறு பேச்சில்லை.

நாம் உண்ணும் தானியத்திலும் பருப்பிலும் சிறிதளவு தாமிரம் உண்டு; மிஞ்சியதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். அதற்கான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்து சேர்ந்தவர்களுக்குத் தாமிரம் கல்லீரலிலும் மூளையிலும் படிந்துகொண்டே போகும். அதுதான் வில்சன் நோய். என் மூத்த மகன், நம் பெரியவன், பதினோராம் வகுப்பில் இருந்தபோது கையெழுத்து குறுகிக் கோணலாகி, பேச்சு குழறியது உனக்கு நினைவிருக்கும். பள்ளியில் சோம்பல் என்றார்கள், சொந்தக்காரர்கள் மந்திரிக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு கண் மருத்துவர்தான் கருவிழியின் ஓரத்தைச் சுற்றிப் பழுப்பும் பச்சையும் கலந்து ஓடிய மெல்லிய வளையத்தைக் கருவி வழியே எனக்குக் காட்டி, அது படிந்த தாமிரம் என்று விளக்கினார்.

1912இல் கின்னியர் வில்சன் இந்நோயை விவரித்தபோது மருந்தே கிடையாது. 1956இல் ஜான் வால்ஷ் என்ற மருத்துவர் கண்டறிந்து சொன்ன பெனிசிலமைனைத்தான் இவன் இன்றும் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுகிறான். அது தாமிரத்தைப் பற்றிச் சிறுநீரில் இறக்கிவிடுகிறது. தொடக்கத்தில் கை நடுக்கம் கூடியது. அப்படி ஆகக்கூடும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால் தாக்குப்பிடித்தோம். இப்போது களைப்படைந்தால் மட்டும் நாக்கு சற்றுத் தடுமாறும். "நன்றாகத்தானே இருக்கிறான், இன்னும் எதற்கு மாத்திரை?" என்று கேட்பவர்களைத்தான் எனக்குச் சமாளிக்க முடியவில்லை. மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறான். இடையில் நிறுத்தினால் கல்லீரலே செயலிழந்துபோகலாம்.

உடன்பிறந்தவருக்கு இந்நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால் சின்னவளையும் சோதித்தோம். ஓடியாடித் திரிந்த பெண்ணுக்கு எதற்கு ஊசி என்று அம்மா சண்டை பிடித்தாள். இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதம் குறைவாகவும், ஒரு நாள் முழுதும் சேகரித்த சிறுநீரில் தாமிரம் மிகுதியாகவும் இருந்தன. குடலிலேயே தாமிரத்தைத் தடுத்துவிடும் துத்தநாக மாத்திரையோடு நின்றுவிட்டது அவள் வைத்தியம். அண்ணன் பட்ட பாடு எதையும் அவள் படவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். திருமணத்துக்குத் தடையில்லை, பெண் வீட்டாரிடம் எதையும் மறைக்கப் போவதுமில்லை. சிக்கல் என்னவென்றால், நோயை அறிந்த குடும்பமாயிற்றே என்று மைத்துனர் தம் மகளையே கொடுக்க முன்வந்திருக்கிறார். பெரிய மனது, மறுக்கவில்லை. ஆனால் நானும் அத்தை மகளைக் கட்டியவன். என் மனைவியிடம் உள்ள பழுது அவள் அண்ணனிடம் இருக்கப் பாதி வாய்ப்பு, அவர் மகளுக்கு அதில் பாதி. அந்தப் பெண்ணைச் சோதிக்காமல் மணம் முடித்தால் பிறக்கும் குழந்தைக்கு நோய் வர ஏறக்குறைய எட்டில் ஒரு வாய்ப்பு. அந்நியத்தில் கட்டினால் நூற்றில் ஒன்றுகூட வராது. மருத்துவருக்கும் இந்தக் கணக்கு சரியே. இதைச் சொன்னதும் மைத்துனர் முகம் சுருங்கியது. ஆனால் அந்தப் பெண் தானாகவே மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். முடிவு வரும்வரை இரு வீட்டிலும் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

தைக்கு ஊருக்கு வருகிறோம். ஈரல் வறுவலும் காளானும் இவ்விருவருக்கும் ஆகாது, முந்திரியையும் குறைத்துக்கொள். செப்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நீ சென்ற முறை சொன்னாய். உனக்கு நல்லதாகவே இருக்கட்டும், இவர்களுக்கு எவர்சில்வர் சொம்பில் கொடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்