பெற்றோர் கூடுகை: இந்த ஞாயிறு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஓய்வுநாள் பள்ளி அறையில் கூடுவோம். வருவதற்கு முன் வேதத்தில் 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

ஆலயத்தில் ஆசாரியன் ஏலியிடம் வளர்கிற சிறுவன் சாமுவேல், கர்த்தர் கூப்பிடுகிற சத்தத்தை ஏலியின் குரல் என்று நினைத்து, ராத்திரியில் மூன்று முறை எழுந்து அவரிடம் போகிறான். "நான் கூப்பிடலை, போய்ப் படு" என்று திருப்பி அனுப்பியும், மறுபடி குரல் கேட்டதும் வந்து நிற்கிறான். (நம் வீடுகளில் மூன்றாம் தடவைதான் "இதோ வரேம்மா" என்றே பதில் வரும், அதுவும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல்!) ஆனால் 13-ஆம் வசனத்தைப் பாருங்கள்: ஏலி தன் சொந்தக் குமாரரை அடக்கவில்லை. ஊரார் பிள்ளைக்குக் கீழ்ப்படியச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிற நமக்கு இது சுருக்கென்று உறைக்க வேண்டும்.

இன்னொன்று. காய்ச்சலில் மருந்தைத் துப்பி, கையைக் காலை உதறி அழுகிற பிள்ளை, அழுது ஓய்ந்ததும் சாய்வது மருந்து ஊற்றின அதே தோளில்தான். ஏன் ஊற்றினாய் என்று கணக்குக் கேட்பதில்லை. ஒரு ஜெபத்துக்குப் பதில் தாமதமானால் நாம் கர்த்தரிடம் எப்படி நடந்துகொள்கிறோம்? இதைத்தான் முக்கியமாகப் பேசப்போகிறோம். தாயிடம் அமைதியாக இருக்கிற குழந்தையைப் பற்றிச் சொல்கிற சங்கீதம் 131-ஐயும் பார்த்து வாருங்கள், மூன்றே வசனங்கள்.

அப்பாமாரும் கட்டாயம் வரணும். "பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்கிற கொலோசெயர் 3:21 உங்களுக்குத்தான். சின்னப் பிள்ளைகளை வாலிபர் குழுவினர் பார்த்துக்கொள்வார்கள். தண்ணீர் பாட்டில் மட்டும் கொடுத்துவிடுங்கள். வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே சொல்லிவிடுங்கள், டீக்குக் கணக்குப் பார்க்கணும்.