மூன்று சென்ட் பாக்கி

மினியாபொலிஸ்,
29-3-2010

அன்புள்ள சேது,

சனிக்கிழமை நம்ம ட்வின்ஸ் பேஸ்பால் அணியின் புது மைதானம், டார்கெட் ஃபீல்டுக்குள் போய்விட்டு வந்தேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, இரண்டு நாளாகத் தொண்டையிலேயே நிற்கிறது. நீ ஊருக்குப் போன பிறகு நான் உனக்கு எழுதியது இரண்டு பொங்கல் வாழ்த்தும் ஒரு முகவரி மாற்றமும்தான். நீ எழுதியதும் அவ்வளவுதான். போன அக்டோபரில் டெட்ராய்ட்டைப் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் சாய்த்த ராத்திரி, உன்னைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். ஏன் என்று உனக்கும் தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் ஐந்தாவது படிக்கிறாள். அண்ணாச்சி வீட்டை விற்றுவிட்டு டாலஸ் போய்விட்டார். போகும்போதும் அந்த இட்லிக் கொப்பரை திரும்பி வரவில்லை. சரி, மைதானத்துக்கு வருவோம்.

சனிக்கிழமை ஆடியது நம்ம ட்வின்ஸ் அல்ல. மினசோட்டா பல்கலைக்கழகப் பையன்கள் லூசியானா டெக்கோடு ஆடி 9-1 என்று தோற்றார்கள். ஒரு கல்லூரி ஆட்டத்துக்கு முப்பத்தேழாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, படி படியாக ஏறி இறங்கி ஒவ்வொரு மூலையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் மூன்று இன்னிங்ஸ் முடியும்வரை உட்காரவில்லை. முதல் பந்து உயரமாகக் கிளம்பியபோது கழுத்தை நிமிர்த்திப் பார்த்தேன். மேலே வானம்! நீயும் நானும் பன்னிரண்டு வருஷம் பழைய மைதானமான அந்த டோமின் டெஃப்ளான் கூரையைத்தானே பார்த்தோம்? பந்து அந்த வெள்ளைக்குள் கரைந்துபோய், ஃபீல்டர் இரண்டு கையையும் விரித்தபடி திக்குத் தெரியாமல் நிற்பாரே, அது இனி இல்லை. குளிர் காதைக் கடித்தது, ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை. ஆனாலும் வெயில் முகத்தில் பட உட்கார்ந்து பேஸ்பால் பார்த்தேன், இந்த ஊரில்!

வெளிச்சுவர் முழுக்க நம் மினசோட்டாவின் கசோட்டாச் சுண்ணாம்புக்கல். வறுத்த பாசிப்பருப்பு நிறம். சாயங்கால வெயில் பட்டால் இன்னும் சிவக்கிறது. புல் கொலராடோவிலிருந்து வந்தது, நிஜப் புல். அடியில் குழாய் பதித்துச் சூடேற்றுகிறார்களாம், மார்ச் மாதமே பச்சை பிடித்துவிட்டது. இடம் உனக்குத் தெரிந்த இடம்தான், நீ ஒரு குளிர்காலம் முழுக்கக் கார் நிறுத்திய பார்க்கிங். ஒரு பக்கம் தண்டவாளம், ஒரு பக்கம் நெடுஞ்சாலை, கொஞ்சம் தள்ளிக் குப்பை எரிக்கும் ஆலை. எட்டே ஏக்கர். அதற்குள் முப்பத்தொன்பதாயிரம் இருக்கையை மடித்து மடித்து வைத்திருக்கிறார்கள். அதனாலேயே எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. டோமில் நம் இருக்கை அமெரிக்கக் கால்பந்தின் ஐம்பது கெஜக் கோட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும், பந்தை அடிக்கிறவர் நிற்கும் ஹோம் பிளேட்டைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பி நீ தைலம் தேய்த்துக்கொண்டாயே! இங்கே இருக்கைகள் பந்து வீசும் பிட்சரைப் பார்க்கின்றன. ரயிலும் வாசலிலேயே நிற்கிறது, மால் ஆஃப் அமெரிக்காவில் ஏறினால் நேரே இங்கே வந்து இறங்கலாம். டோமுக்கு முன்னால் ட்வின்ஸ் ஆடிய பழைய மெட்ரோபாலிடன் ஸ்டேடியம் இருந்த இடம் அந்த மால்தானே, அங்கே ஏறி இங்கே இறங்குவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

வாசல்களுக்கு நம்ம பழைய ஆட்டக்காரர்களின் சட்டை எண்களைத்தான் வைத்திருக்கிறார்கள். 3 கில்லப்ரூ, 6 ஒலிவா, 14 ஹர்பெக், 29 கரூ, 34 பக்கெட். நான் 34 வழியாகப் போனேன். 2006 மார்ச்சில் பக்கெட்டுக்கு டோமில் நடந்த அஞ்சலிக்கு நாம் இருவரும் போனது ஞாபகம் வந்தது. நாற்பத்தைந்து வயசு மனுஷனுக்கு. நீ பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

சென்டர் ஃபீல்டுக்குப் பின்னால் அணியின் பழைய சின்னமான மினி, பால் என்ற இரண்டு பொம்மை ஆட்டக்காரர்கள் நிற்கிறார்கள். மினியாபொலிஸ் ஒரு கரை, செயின்ட் பால் மறு கரை, நடுவில் மிசிசிப்பி, ஆற்றுக்கு மேலே இரண்டு பேரும் கைகுலுக்குகிறார்கள். ட்வின்ஸ் பந்தைச் சுவர் தாண்டி ஹோம் ரன் அடித்தால் விளக்கு எரிந்து அந்தக் கைகள் ஆடுமாம். சனிக்கிழமை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, எனக்கு ஆறு மட்டும்தான் கண்ணில் பட்டது. ஆறு என்றால் பாலம். பாலம் என்றால் நீ.

2007 ஆகஸ்ட் 1. கான்சாஸ் சிட்டியோடு ஆட்டம். உன் டிக்கெட் என் சட்டைப்பையில். ஆபீஸ் முடிந்து நேரே வந்துவிடுகிறேன் என்றாய். ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு 35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலம் ஆற்றில் விழுந்தது. நீ தினமும் அந்த நேரத்தில் அதன் மேல் வருகிறவன். பக்கத்து வரிசையில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன் போகவில்லை, எல்லா லைனும் அடைத்துக்கிடந்தது. ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் ரோட்டுக்கு அனுப்பினால் ஆம்புலன்ஸுக்கு வழி இருக்காது என்று ஆடவே விட்டார்கள். ஒரு நிமிஷம் மௌனம், அப்புறம் முதல் பந்து. பக்கத்தில் உன் காலி இருக்கை. மூன்றாவது இன்னிங்ஸில்தான் உன் குரல் கேட்டது, யுனிவர்சிட்டி அவென்யூ நெரிசலில் மாட்டியிருக்கிறேன் என்று. ஒரு மீட்டிங் பத்து நிமிஷம் நீண்டுபோனதால் பிழைத்தாய். அன்றைக்குப் பதின்மூன்று பேர் போனார்கள்.

புது மைதானத்துக்கு மறுநாள் நடக்க இருந்த பூமி பூஜையைத் தள்ளி வைத்து, ஆகஸ்ட் 30 நடத்தினார்கள். அன்றைக்கு ராத்திரி உன் வீட்டு மேஜையில் நீ கேட்டாய்: 'பாலத்தைப் பார்த்துக்கொள்ளக் காசு இல்லாத ஊருக்குப் பந்து விளையாட மட்டும் எங்கிருந்து வருகிறது?' நான் அதற்கு என்ன பதில் சொன்னேன்? பாலம் மாநிலத்தின் கணக்கு, மைதானம் ஹென்னபின் கவுன்டியின், அதாவது நம் மாவட்டத்தின், விற்பனை வரி, இரண்டும் வேறு வேறு பெட்டி, ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போட முடியாது என்று பாடம் நடத்தினேன். சொன்னதில் கணக்குத் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நான்கு வாரம் முன்பு அந்த ஆற்றில் விழுந்திருக்க வேண்டிய ஒருவனிடம் பேசுகிற பேச்சா அது? நீ கணக்கு கேட்கவில்லை. நீ கேட்டதை நான் காதில் வாங்கவே இல்லை. சேது, அதற்காக வருத்தப்படுகிறேன். இதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆகியிருக்கக் கூடாது.

நீ கிளம்பின அன்று ஏர்போர்ட்டில் என் உள்ளங்கையில் மூன்று சென்ட் வைத்து மூடினாயே, அது இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. இருபது டாலருக்கு மூன்று சென்ட் மைதான வரி, 0.15 சதவீதம். அதைச் சொல்லித்தானே விற்றார்கள். உன் வாதத்தில் பாதியை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மக்கள் வாக்கெடுப்பு நடத்தியிருக்க வேண்டும். மாநிலச் சட்டமே கேட்கும் வாக்கெடுப்பிலிருந்து இந்த ஒரு வரிக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள், கவுன்டி போர்டில் 4-3 என்று ஒரே ஓட்டில் தாண்டியது. கோடீஸ்வரர் ஒருவரின் அணிக்கு முப்பத்தைந்து கோடி டாலர் பொதுப்பணம் போகிறது என்றால், அதைக் கொடுக்கிறவனைக் கேட்டிருக்க வேண்டும். அதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2001 நவம்பரில் நம் அணியையே கலைத்துவிடலாம் என்று பேஸ்பால் அணிகளின் முதலாளிகள் கூடி முடிவெடுத்தார்களே, நினைவிருக்கிறதா? இந்த ஊர் நீதிமன்றம்தான் அடுத்த வருஷம் டோமில் ஆடியே ஆகவேண்டும் என்று கட்டிப்போட்டது. அந்த அடுத்த வருஷம் நம் பிரிவில் முதலிடம் வந்தோம். அப்படிப் பிழைத்த அணி இது. அதே வரியில் கொஞ்சம் நூலகங்கள் கூடுதல் நேரம் திறந்திருக்கவும், பிள்ளைகளின் விளையாட்டுக்கும் போகிறது. சனிக்கிழமை அங்கே பார்த்த கூட்டத்தில் பாதிப் பேர் தாத்தா பாட்டியும் பேரப் பிள்ளைகளும். இது பொது இடமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. நீ வந்து பார்த்துவிட்டு மறுத்துச் சொல், கேட்கிறேன்.

இப்போது அணிக்கு வருகிறேன். போன ஞாயிறு, 21-ஆம் தேதி, காலையில் எழுந்ததிலிருந்து கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை. நம்ம நட்சத்திரம் மவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான்! எட்டு வருஷம், 184 மில்லியன் டாலர். செயின்ட் பால் பையன், போன வருஷம் .365 சராசரியில் அடித்து, சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது வாங்கினவன், நியூயார்க்குக்கோ பாஸ்டனுக்கோ போய்விடுவான் என்று குளிர்காலம் முழுக்க எழுதித் தள்ளினார்கள். நம்ம பெரிய ஆட்டக்காரர்களில் ஹன்டர் போனார், சன்டானாவை வேறு அணிக்குக் கொடுத்தோம், ஒவ்வொரு தடவையும் நீ 'அடுத்தது மவர்' என்றாய். அது பலிக்கவில்லை, அதுதான் இந்த வருஷத்தின் பெரிய சந்தோஷம். புது மைதானம் வந்தால்தான் இப்படி ஒரு பையனைப் பிடித்து வைக்க முடியும் என்று சொல்லித்தானே கட்டினார்கள், அந்த வார்த்தை ஒன்று காப்பாற்றப்பட்டிருக்கிறது.

அதே ஞாயிறு, கடைசி இன்னிங்ஸில் பந்து வீசி ஆட்டத்தை முடித்து வைக்கும் நேதன் முழங்கையைச் சோதித்துப் பார்க்கப் பந்து வீசிவிட்டு, முடியவில்லை, ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார். டாமி ஜான் என்று அந்த ஆபரேஷனுக்குப் பெயர். தசைநாரை எடுத்து வைத்துக் கட்டி, ஒரு வருஷம் போய்விடும். சித்திரை பிறப்பதற்குள்ளேயே மாங்காய்ப் பச்சடி வந்துவிட்டது, வெல்லமும் வேப்பம்பூவும் ஒரே கரண்டியில். போன வருஷம் நாற்பத்தேழு ஆட்டங்களை முடித்து வைத்தவர். போன அக்டோபர் பிளேஆஃபில் நியூயார்க் யாங்கீஸோடு இரண்டாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் ரோட்ரிகஸிடம் அவர் வாங்கின அந்த அடிக்காக நான் அவரைத் திட்டியது உண்மை. இப்போது அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. அவர் இல்லாமல் ஒன்பதாவது இன்னிங்ஸை யார் கையில் கொடுப்பது? இன்னொரு பந்துவீச்சாளர் ரௌச்சின் பெயர் அடிபடுகிறது. ஆள் ஆறடி பதினோரு அங்குலம், உயரத்தில் குறை இல்லை. ஆனால் இரண்டு ரன் முன்னிலை, முதல் பேஸில் ஒருவர், எதிரே ரோட்ரிகஸ் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

மற்றபடி எனக்கு நம்பிக்கை நிறைய இருக்கிறது. மோர்னோ முதுகு சரியாகி ஆடுகிறான். ஹட்சன் இரண்டாவது பேஸுக்கு வந்திருக்கிறார், கோமஸைக் கொடுத்து ஹார்டியை வாங்கியிருக்கிறார்கள். நாற்பதை நெருங்கும் ஜிம் டோமி நம்ம சட்டையில்! எத்தனை வருஷம் அவர் வேறு சட்டையில் நம்மை அழ வைத்தார். டோம் இல்லாமல் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்வி. 1987-இலும் 1991-இலும் உலகத் தொடரில் சொந்த மைதானத்து எட்டு ஆட்டத்தையும் ஜெயித்தது அந்தக் கூரைக்குக் கீழே. அந்தச் சத்தம் திறந்த வானத்தில் நிற்காது. ஏப்ரல், மே குளிரில் பந்து தூரம் போகாது. தூறல் விழுந்தால் டகோட்டாவிலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டி வந்த குடும்பம் ஆட்டம் பார்க்காமலே திரும்பும். கூரை போட இன்னும் கோடிக்கணக்கில் ஆகும் என்று விட்டுவிட்டார்கள். இது என்னை ராத்திரி தூங்கவிடாத கவலை, உண்மையாகவே. ஆனால் சனிக்கிழமை அந்த வெயிலில் உட்கார்ந்த பிறகு, நனைந்தாலும் பரவாயில்லை என்ற பக்கம்தான் என் மனசு சாய்கிறது.

ஏப்ரல் 12, பாஸ்டனோடு முதல் ஆட்டம். டிக்கெட் கிடைக்கவில்லை. 14-ஆம் தேதிக்குக் கிடைத்திருக்கிறது, சித்திரை ஒன்று. காலையில் மேப்பிள் குரோவ் கோயில், அப்புறம் மைதானம். ஆபீஸில் நான்கு பேர் சேர்ந்து சீசன் டிக்கெட் வாங்கியிருக்கிறோம், இருபது ஆட்டம், ஆளுக்கு ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு இருக்கை. என் பங்கில் கடைசி ஆட்டம் செப்டம்பரில். அந்த இரண்டாவது இருக்கையை யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். உன் விசா இன்னும் செல்லுமா என்று பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். நீ வந்தால் ஏர்போர்ட்டிலிருந்து புதுப் பாலத்தின் மேல்தான் கூட்டிப்போவேன், 2008 செப்டம்பரிலேயே திறந்துவிட்டார்கள். உனக்கு வேண்டாம் என்றால் சுற்றிப் போவோம், அதையும் எழுது.

அதுவரை, ராத்திரி ஆட்டம் எல்லாம் உனக்குக் காலை ஐந்தே முக்காலுக்கு வரும். பால் வாங்கப் போகிற நேரம்தான், ரேடியோவை இன்டர்நெட்டில் போட்டுக் கேள்.

உன்,
மணி