ஏற்றிவிடவும் தெரியவில்லை, இறக்கிவிடவும் தெரியவில்லை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: முதல்முறைப் பயணிகளைச் சொகுசுக் கப்பலில் ஏற்றியதிலும் இறக்கியதிலும் நடந்த குளறுபடி – இழப்பீடு கோருதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்தை ஏற்கெனவே மின்னஞ்சலில் எழுதினேன். உங்கள் செயலியில் எழுதினேன். போனில் காத்திருந்து காத்திருந்து, நடுவில் நீங்கள் போடும் அந்த இசை எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. வந்த பதில் எல்லாம் ஒன்றுதான்: "உங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த பயணத்தில் சந்திப்போம்." நான் கருத்துச் சொல்லவில்லை, புகார் சொல்கிறேன். டெர்மினலைக் கேட்டால் "கப்பல் நிறுவனத்தைக் கேளுங்கள்" என்கிறார்கள். உங்களைக் கேட்டால் "டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டிடம் பேசுங்கள்" என்கிறீர்கள். ஏஜென்ட், "அது டெர்மினல் பொறுப்பு" என்கிறார். கடைசியாகப் பேசிய உங்கள் ஊழியர், "எழுத்துல குடுங்க, பார்க்கலாம்" என்றார். சரி, எழுத்திலேயே தருகிறேன்.

உங்கள் கப்பலைப் பற்றி உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. முன்பதிவு எண்ணைத் தட்டினால் எங்கள் கேபின், ஏறும் நேரம், அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்த குறிப்பு எல்லாம் உங்கள் திரையில் வந்துவிடும். அதனால் நேராக அந்த நுழைவாயில் ஊழியரிடம் வருகிறேன். நீலக் கோட்டு, காதில் ஹெட்செட், கையில் டேப்லெட். பெயர் அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார், அதனால் பெயர் தெரியாது. அன்று அந்த நேரத்தில் அந்த வாசலில் யாருக்கு வேலை போட்டிருந்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய உறுதிச் சீட்டில் ஒரு டெர்மினல் எண் இருந்தது. அங்கேதான் போனோம். அங்கே உங்கள் நிறுவனக் கப்பல்தான் நின்றது. அதே சின்னம், அதே நிறம். ஆனால் எங்களுடையது இல்லை. முதல்முறை வருகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? வரிசையில் நின்று அந்த மனிதரிடம் போர்டிங் பாஸை நீட்டினால், "இது இங்க இல்ல" என்றார். வேறு எங்கே என்று கேட்டேன். தலையைக்கூடத் தூக்காமல், "கப்பல் அவ்ளோ பெருசா நிக்குது, கண்ணுக்குத் தெரியலையா?" என்றார். அப்புறம் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "முதல் தடவை போல" என்று சிரித்தார். ஆமாம், முதல் தடவைதான். உங்கள் விளம்பரமே எங்களைப் போன்றவர்களைத்தானே கூப்பிடுகிறது?

அந்த ஒரு சிரிப்பை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. எழுபது வயதைத் தாண்டிய என் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பெட்டிகளை உருட்டிக்கொண்டு உச்சி வெயிலில் அடுத்த டெர்மினலுக்கு நடந்தோம். நடைபாதை பாதியில் முடிந்துபோனது. சரக்கு லாரிகள் போகிற வழியில் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனோம். என் மனைவியின் சூட்கேஸ் சக்கரம் அங்கேதான் உடைந்தது. இரண்டு டெர்மினலுக்கும் நடுவே உங்கள் நிறுவனமே இலவசப் பேருந்து விட்டிருந்தது என்பது கப்பலுக்குள் போன பிறகு சக பயணி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பேருந்து நிற்கிற இடம் அந்த நீலக் கோட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருந்ததாம். கையை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். இந்த ஒரு விஷயத்துக்கே நான் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். போகவில்லை என்றால் அது என் பொறுமை.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். உங்கள் ஊழியர்கள் எல்லோருமே அப்படி என்று நான் சொல்லவில்லை. கடைசி நாள் வரவேற்பு மேசையில் இருந்த ஒரு பெண் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஏறும் நேரம் 11:30. உங்கள் ஆளால் சுற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, "உங்க டைம் முடிஞ்சிருச்சு, ஓரமா நில்லுங்க" என்றார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். சக்கர நாற்காலி வரவில்லை. "பெயர் பட்டியலில் இல்லை" என்றார்கள். செயலியில் இருக்கிறது என்று காட்டினேன். "செயலி வேறு, டெர்மினல் வேறு" என்று பதில். அப்படியானால் பயணிக்கு எது உண்மை? கப்பல் கிளம்புவதற்கு வெகுமுன்பே பயணிகள் பட்டியலை முடித்துவிடுவீர்கள், அதற்குப் பிறகு வருகிறவர் கரையில் நிற்க வேண்டியதுதான் என்பது அப்போதுதான் வரிசையில் நின்ற இன்னொருவர் சொல்லித் தெரிந்தது. அம்மாவுக்குப் படபடப்பு வந்துவிட்டது.

அந்தப் படபடப்புக்கான மாத்திரை எங்கே இருந்தது தெரியுமா? கேளுங்கள். பெட்டிகளுக்கு வீட்டிலேயே டேக் அச்சடித்து ஒட்டிக்கொண்டு வரச் சொன்னீர்கள், ஒட்டினோம். வாசலில் போர்ட்டரிடம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் கேபின் கதவுக்கு வந்துவிடும், மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். வைத்திருந்தோம். உங்கள் போர்ட்டர், "பை எல்லாம் குடுங்கம்மா, உள்ள தூக்கிட்டுப் போக முடியாது" என்று அம்மாவின் கைப்பையையும் சேர்த்து வாங்கித் தள்ளுவண்டியில் போட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. டேக் இல்லாத பை. அது கேபினுக்கு வந்தது இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு. நடுவில் மருத்துவ அறைக்குப் போய்ப் பணம் கட்டி மாத்திரை வாங்கினோம். அந்த ரசீதையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

என் சூட்கேஸ் அதற்கும் பிறகு. எல்லோர் கதவுக்கும் பெட்டி வந்துவிட்டது, எங்கள் கதவுக்கு மட்டும் வரவில்லை. கேபின் பணியாளரைக் கேட்டால் தெரியாது என்றார். வரவேற்பு மேசையில் பெரிய வரிசை. கடைசியில் கீழ்த் தளத்தில் ஓர் அறையில் பாதுகாப்பு ஊழியர்கள் அதைப் பிடித்து வைத்திருந்தார்கள். உள்ளே இஸ்திரிப் பெட்டி. தீ விபத்துக்குப் பயந்து இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மெழுகுவத்தி போன்றவற்றைக் கப்பலில் அனுமதிப்பதில்லை. அது நியாயமான விதி. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு போன், கேபினில் ஒரு துண்டுச் சீட்டு, எதுவும் கிடையாதா? அந்த அறை வாசலில் என்னைப் போலவே நிறையப் பேர் திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் அழுக்குச் சட்டையோடு.

இதற்கு நடுவில், ஆபத்து வந்தால் எங்கே போய்க் கூட வேண்டும் என்று காட்டும் பாதுகாப்புப் பயிற்சி. இப்போதெல்லாம் எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டி நிற்க வைப்பதில்லை. கேபின் டிவியிலோ போனிலோ வீடியோவைப் பார்த்துவிட்டு, நீங்கள் தரும் பயணி கார்டில் போட்டிருக்கும் கூடுமிடத்துக்குப் போய் அதை ஸ்கேன் செய்தால் முடிந்தது. இதை எங்களிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஏறும்போது கேட்டதற்கு, "அது அப்புறம் பாத்துக்கலாம், போய்ச் சாப்பிடுங்க" என்றார் ஒருவர். பிறகு ஒலிபெருக்கியில் கேபின் எண்ணைச் சொல்லி ஏதோ குற்றவாளியைத் தேடுவது போலக் கூப்பிட்டார்கள். பஃபே முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற விஷயமா அது? 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவுக்கருகே பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி மறுநாள் என்று வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான், கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றி 2015-இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆபத்து என்று அறிவிக்கும் ஏழு சின்னச் சங்கு, ஒரு நீளச் சங்கு கேட்டால் எங்கே போக வேண்டும் என்று என் அம்மாவுக்கு இப்போது தெரியும். நான் சொல்லிக் கொடுத்தேன். பணத்தை வாங்கிக்கொண்ட நீங்கள் சொல்லவில்லை.

நடுவில் இருந்த நாட்களைப் பற்றிப் புகார் இல்லை. கடல் நன்றாக இருந்தது.

இறங்கும் நாளுக்கு வருகிறேன். முந்தின ராத்திரி கேபினில் டேக் வைத்தீர்கள். பெட்டிகளை 11 மணிக்குள் கதவுக்கு வெளியே வைக்க வேண்டும், டேக் நிறப்படி கூப்பிடும்போது இறங்க வேண்டும். ஒரே குடும்பம், ஒரே கேபின், ஆனால் எங்களுக்கு வைத்ததில் ஒன்று மட்டும் வேறு நிறம். பணியாளரிடம் காட்டினோம். "பரவாயில்ல, எல்லாம் ஒரே எடத்துக்குத்தான் வரும்" என்றார். வரவில்லை. கரையில் சாமான் கூடத்தில் நிறவாரியாகப் பிரித்து அடுக்கியிருந்தீர்கள். எங்கள் நிறத்தில் எல்லாம் இருந்தது, அம்மாவின் பெட்டி மட்டும் இல்லை. அது கூடத்தின் மறுகோடியில், கடைசியாக இறங்குகிறவர்களின் வரிசையில் கிடந்தது. தேடித் தேடி அதைக் கண்டுபிடித்து, சுங்கம் தாண்டி வெளியே வந்தபோது எங்கள் விமானத்துக்குப் பெட்டி போடும் நேரம் முடிந்துவிட்டது.

விமானத்தை முன்னதாகப் போட்டது எங்கள் தப்பு என்று போனில் ஒருவர் சொல்லப் பார்த்தார். உங்கள் வழிகாட்டியில் நண்பகலுக்கு முன் விமானம் வேண்டாம் என்று போட்டிருக்கிறீர்கள். எங்களுடையது நண்பகலுக்குப் பிறகுதான். டிக்கெட் நகல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அதற்கு முன்பே அம்மாவைக் காலை 8 மணிக்குக் கேபினை விட்டு எழுப்பி, ஒரு கூடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வேறு ஓர் இடம், வேறு ஒரு நேரம் உண்டு என்று அந்த வரவேற்பு மேசைப் பெண்தான் சொன்னார். தானே ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அம்மாவை உட்கார வைத்துக் கேங்வே வரைக்கும் கொண்டுவந்து விட்டார். கரைக்குப் போகிற அந்தப் பாலத்தில் கார்டைக் கடைசியாக ஸ்கேன் செய்தபோது மணி அடித்ததும் அம்மா பயந்துபோய், "என்னம்மா, இறங்க விட மாட்டாங்களா?" என்று கேட்டார். "அவ்ளோதான் பாட்டி, நீங்க போகலாம்" என்று சிரித்தார் அந்தப் பெண். அவர் சிரிப்புக்கும் நீலக் கோட்டுக்காரர் சிரிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் பயிற்சி வகுப்பில் பாடமாக வையுங்கள்.

அதே கூடத்தில் ஒருவர் இரவு உடையோடு ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாத் துணியையும் பெட்டியில் போட்டு ராத்திரியே வெளியே வைத்துவிட்டாராம். அவரும் முதல்முறைதான், கேட்டேன். தங்கள் பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கிப் போகவும் உங்களிடம் ஒரு வழி இருக்கிறது என்று அவரும் நானும் அன்று காலைதான் தெரிந்துகொண்டோம். நாலாவது, ஐந்தாவது முறை வருகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டு ஜம்மென்று நடந்து போனார்கள். தெரிந்தவனுக்கு ஒரு கப்பல், தெரியாதவனுக்கு ஒரு கப்பல் என்று ஓட்டுகிறீர்களா?

இன்னொன்று. ஏறும்போது கவுன்டரில் என் டெபிட் கார்டைப் பதிவு செய்தீர்கள். கப்பலில் செலவழித்தது போக முன்கூட்டியே பிடித்து வைத்த தொகை இன்றுவரை விடுவிக்கப்படவில்லை. வங்கியைக் கேட்டால் உங்களைக் கை காட்டுகிறார்கள். கையில் காசு இல்லாமல்தான் புது விமான டிக்கெட்டுக்குக் கடன் வாங்கினேன். எங்கள் குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு இதில் போய்விட்டது. அம்மா இனி கடல் பக்கமே வர மாட்டேன் என்கிறார். அவருடைய வாழ்நாள் ஆசை அது. அதற்கு என்ன விலை போடுவீர்கள்?

நான் கேட்பது இதுதான். தவறிய விமானத்தின் டிக்கெட் தொகையும் புதிதாக வாங்கிய டிக்கெட் தொகையும், மருத்துவ அறைச் செலவும், உடைந்த சூட்கேஸின் விலையும் வேண்டும். பிடித்து வைத்த பணத்தை உடனே விடுவிக்க வேண்டும். அடுத்த பயணத்தில் தள்ளுபடி என்று கூப்பன் அனுப்ப வேண்டாம். போன முறை அனுப்பியதையே நான் திறக்கவில்லை. அந்த நீலக் கோட்டுக்காரர் என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும், அவர் கையெழுத்தோடு. இதில் நான் இறங்கி வர மாட்டேன். கூடவே, முதல்முறை வருகிறவர்களுக்கு எந்த டெர்மினல், எதைக் கையில் வைத்துக்கொள்வது, எங்கே ஸ்கேன் செய்வது, எந்த ராத்திரி பெட்டியை வெளியே வைப்பது என்று வரிசையாக ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். செயலியில் ஆறு இடத்தில் சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒரே தாளில் போட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பெயரும் நேரடித் தொலைபேசி எண்ணும் உள்ள ஒரு மனிதரிடமிருந்து பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் கார்டு வழியாகக் கட்டிய தொகையைத் திருப்பிக் கேட்டு வங்கியில் மனு கொடுப்பேன். மறுநாளே நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவேன். போர்டிங் பாஸ், டெர்மினல் எண் உள்ள உறுதிச் சீட்டு, இரண்டு நிற டேக்குகளின் படம், ரசீதுகள் எல்லாம் என் கையில் பத்திரமாக இருக்கின்றன. அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்றுதான் எனக்கும் ஆசை. தயவுசெய்து கவனிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் பயணி

பி.கு.: பயணம் எப்படி இருந்தது, நட்சத்திரம் போடுங்கள் என்று உங்கள் கருத்துக் கணிப்பு என் போனுக்கு வந்தபோது நான் சாமான் கூடத்தில் அம்மாவின் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்கான பதிலாகவும் இந்தக் கடிதத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.