கால்வாய்க் கரை உண்ணிச்செடியை வேரோடு எடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டாரக் கால்வாய்க் கரைகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். கரையில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி (லாண்டானா என்ற புதர்ச்செடி) பற்றி எங்கள் ஊரார் கொடுத்த மனுக்கள் உங்களிடம் இருக்கின்றன. பழையதைத் திரும்பச் சொல்லவில்லை. போன மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தூர்வார வந்த ஜேசிபி கரையோரச் செடிகளை மேலாக அடித்து ஒதுக்கிவிட்டுப் போனது. தழையை அள்ள யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பால் விற்றுப் பிழைப்பவர். பச்சை கிடைக்காத வெயிலில் அவருடைய பசு அந்தக் குவியலில் வாய் வைத்துவிட்டது. இரண்டு நாளில் தீனியை விட்டது. கண் மஞ்சளித்தது. வெயிலில் நிற்க முடியாமல் தொழுவத்தின் இருட்டு மூலையில் ஒண்டியது. மூக்குத் தோல் வெடித்து உரிந்தது. கால்நடை மருத்துவர் பார்த்ததுமே உண்ணித்தழை என்றார். அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். ஈரல் கெட்ட மாட்டுக்கு வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும். இதற்கென்று தனி முறிவு மருந்தும் கிடையாது. பசு பிழைத்துவிட்டது, பால் வற்றிவிட்டது. மாடு வாங்கிய கடனை அக்கா எதை வைத்து அடைப்பார்?

அமெரிக்கக் கண்டத்துச் செடி இது. 1800-களின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. கறுத்த பழத்தைக் கொண்டைக்குருவியும் மைனாவும் தின்று விதையை எங்கும் போடுகின்றன. கிளறிய மண்ணும் வெயிலும் இருந்தால் போதும், பிடித்துக்கொள்ளும். மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். அதனால்தான் வேரோடு எடுங்கள் என்கிறோம்.

நால்வழிச்சாலைக்கு மண் கொட்டிய இடம், குவாரி தோண்டிய இடம், மனை போடத் தூர்த்த வயல் என்று இந்த மாவட்டத்தில் எதைக் கிளறினாலும் அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். அங்கெல்லாம் இந்தச் செடிதான். அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசே கொள்கை வெளியிட்டது. அது காட்டுக்குத்தான் என்று எங்களுக்குப் பதில் வந்தது. எங்கள் மாடுகள் மேய்வது கரையில், ஐயா.

சரி, எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டுவது நியாயமில்லை. நாங்கள் கேட்பது இதுதான். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே, அடிக்கட்டையை மண்ணுக்குக் கீழே வெட்டித் தூக்கி, வேர் மேலே இருக்கும்படி கவிழ்த்துக் காயவிடுங்கள். தழையை அன்றே அப்புறப்படுத்துங்கள். வெறுமையான இடத்தில் புல்லும் புங்கனும் வையுங்கள். மழைக்குப் பின் ஒருமுறை வந்து, முளைத்த கன்றுகளைப் பிடுங்குங்கள். தயவுசெய்து இந்த முறையாவது வேரோடு எடுங்கள். தேதி சொன்னால் ஊரிலிருந்து மண்வெட்டியோடு நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
கரையோரத்து விவசாயி ஒருவர்